சகாயமேரி வூட்டுச் சாவி

தம்பி,

இதைப் போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா போன்ல நான் ஆரம்பிச்சா நீ "அப்பா, மீட்டிங்ல இருக்கேன், அப்பறம் பேசறேன்"ம்ப. அந்த அப்பறம் எப்ப வரும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால எழுதறேன். உக்காந்து முழுசாப் படி. பாதியில கோவம் வந்தாலும் தூக்கி வச்சுறாத. இன்னொண்ணும் இப்பவே சொல்லிடறேன், இந்தக் கடுதாசிய ரெண்டு ஜெராக்ஸ் எடுக்கப் போறேன். ஒண்ணு கிருஷ்ணகிரியில உங்க மாமனாருக்கு, இன்னொண்ணு சகாயமேரிக்கு. உள்ள எழுதியிருக்கறது அவங்களும் தெரிஞ்சுக்க வேண்டிய சமாச்சாரம். அப்பாவுக்கு வயசாயி மண்டை குழம்பிருச்சுன்னு நெனச்சுக்காத. அறுபத்தெட்டு வயசுல எனக்கு முட்டிதான் கெட்டிருக்குது, புத்தி இப்பத்தான் கொஞ்சம் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்குது.

நீ கூரியர்ல அனுப்புன பேப்பருங்க வந்து சேந்துச்சு. கையெழுத்துப் போட வேண்டிய எடத்துலயெல்லாம் மஞ்சக் கலர்ல ஸ்டிக்கர் ஒட்டி, அம்புக்குறி போட்டு அனுப்பியிருக்கற, கண்ணு தெரியாத கிழவனுக்கு வசதியா. விசயம் எனக்குப் புரிஞ்சுது. ஓசூர்ல நீ வாங்கற ப்ளாட்டுக்கு பேங்கு குடுக்கறது போக ஒரு தொகை கொறையுது. அந்தக் கொறைய ஒரு பிரைவேட் பைனான்ஸ்காரன் தரேங்கறான். அதுக்கு ஈடா, இங்க பைபாஸ் பக்கத்துல உங்கம்மா பேருல இருக்கற அந்த அஞ்சு சென்ட் வூட்டை அடமானம் வைக்கணும். உங்கம்மா போய்ச் சேந்துட்டதால வாரிசுங்க நாம ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். நீ சொந்தமா ஒரு வூடு பாக்கறதுல எனக்கு சந்தோசம்தான், மருமவ பிரின்சியும் எத்தனை நாளைக்கு வாடகை வூட்டுல ஆணி அடிக்கறதுக்கு ஓனர்கிட்ட பர்மிசன் கேட்டுட்டு இருப்பா? ஆனா அந்தப் பேப்பருல நான் கையெழுத்துப் போடல, போடவும் மாட்டேன். ஏன்னு சொல்றேன்.

போன செவ்வாக்கிழமை காலையில ஏழு மணிக்கு சகாயமேரி நம்ம வூட்டுக்கு வந்தா. உனக்கு அவளை நல்லாத் தெரியும், தொப்பூர்ல கணவாய் எறங்கறதுக்கு முன்னால லாரிக்காரங்களுக்குச் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கறவ. அந்த நேரத்துக்கு அவ பஸ்ஸுல இருக்கணும். கையில பாத்திரக் கூடையோட வாசல்லயே நின்னா. உள்ள வான்னா வரல.

"அண்ணே, நேத்து ரெண்டு பேரு வந்து வூட்டைச் சுத்திச் சுத்தி போட்டோ புடிச்சாங்க. டேப்பு வச்சு அளந்தாங்க. யாருங்க நீங்கன்னேன். லோன் கம்பெனியாம். உங்க மவன் பேரைச் சொன்னாங்க. நீ இங்க வாடகைக்கு இருக்கறயாம்மா, மாசம் எவ்வளவு குடுக்கறன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தண்ணே சொல்றது? அடுப்புல கொழம்பு இருக்குதுன்னு உள்ள போயிட்டேன்."

அப்பறம் முந்தானை முடிச்சை அவுத்து ஒரு சாவிய எடுத்து, நம்ம வாசல் திண்ணை மேல வச்சா. "வூடு உங்களுதுன்னா சாவியும் உங்ககிட்டயே இருக்கட்டுங்கண்ணே"ன்னா. சத்தம் போடல, அழுவல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டா. என்னை நாலு பேரு முன்னால செருப்பால அடிச்சிருந்தாக்கூட அப்படி இருந்திருக்காது தம்பி.

ஒடனே உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்குதா? "அப்பா, பத்திரம் அம்மா பேருல, பட்டா அம்மா பேருல. திருப்பித் தரோம்னு எங்கயாச்சும் எழுதிக் குடுத்திருக்கீங்களா? இல்லைல்ல? அப்பறம் சட்டப்படி நம்மளுதுதானே?" அப்படின்ன. எனக்குக் கோவம் தலைக்கு ஏறிச்சு. யாருடா இவன், இப்படிப் பேசறான்னு போனை வச்சுட்டு, கண்ணாடி முன்னால நின்னு ஷேவ் பண்ணும்போதுதான் தெரிஞ்சுது, அது யாரு பேசற பேச்சுன்னு. பதினாலு வருசமா நான் பேசுன பேச்சு. அதனால மொதல்ல என் கதையச் சொல்றேன், அப்பறம் உன்னைத் திட்டறேன்.

பாலக்கோட்டுல தக்காளி போட்டுட்டு இருந்த காட்டைத் தண்ணி இல்லைன்னு வித்தோமே, அந்தப் பணம் கையில இருந்த காலம். கரும்பு ஆலையில காட்டாவுல உக்காந்து டிராக்டரை எடை போடற வேலை எனக்கு. ஷிப்டு முடிஞ்சா நேரா டவுனுக்கு வந்து, ஒரு பேங்கு வாசல்ல இருந்த மாதேஸ் டீக்கடையில உக்காந்துக்குவேன். அதுதான் என் ஆபீஸ். உள்ள லோன் கேட்டு, இல்லைன்னு சொல்லி அனுப்பி, மூஞ்சி தொங்கிப் போய் வெளிய வர்றவங்க எல்லாரும் அங்கதான் ஒரு டீ குடிப்பாங்க. மாதேஸ் அவங்களைப் பாத்ததும் உள்ள பாத்து, "சக்கரை தூக்கலா ஒரு டீ"ன்னு சத்தம் குடுப்பான். அது எனக்கு சிக்னல். நான் மெதுவா பெஞ்சுல நகந்து உக்காந்து, "என்னங்க, பட்டாவுல பிரச்சனையா?"ன்னு ஆரம்பிப்பேன். சிரிப்பா வருதா? அப்ப எனக்கும் அது பெரிய சாமர்த்தியமாத்தான் தெரிஞ்சுது.

சகாயமேரியும் அவ வூட்டுக்காரன் லூர்துவும் அப்படி வந்தவங்கதான். லூர்து கொத்தனாரு. அவ மாமன்கிட்ட வாங்குன அஞ்சு சென்டுல அவனே கல்லு அடுக்கி பேஸ்மட்டம் வரைக்கும் எழுப்பிட்டான், அதுக்கு மேல காசில்ல. தகர ஷெட்டுல ரெண்டு பொம்பளப் புள்ளைங்களை வச்சுக்கிட்டு இருந்தாங்க. பேங்குல என்னென்னமோ கேட்டிருக்காங்க. பட்டா கூட்டுப் பட்டா, மாமனோட அண்ணன் தம்பி பேரெல்லாம் அதுல இருக்குது. ப்ளான் அப்ரூவல் இல்ல. சம்பளச் சீட்டு கேட்டாங்களாம். தொப்பூர்ல லாரிக்காரனுக்குச் சோறு போடறவளுக்கு எவன் சம்பளச் சீட்டு குடுப்பான்? அந்த மேனேஜரைக் குத்தம் சொல்ல மாட்டேன், தன்மையாத்தான் பேசி அனுப்பியிருக்காரு. "ரூல்ல இடமில்லைங்கம்மா"ன்னாராம். டீய கையில வச்சுக்கிட்டு சகாயமேரி என்கிட்ட கேட்டா, "நான் மாசாமாசம் கட்டிருவேங்கண்ணே, அதை எந்த பேப்பர்ல எழுதிக் காட்டறது?" அந்தக் கேள்விக்கு பேங்குல பதில் இல்ல. என்கிட்ட இருந்துச்சு. நாலு லட்சம், ரெண்டு வட்டி.

இது வரைக்கும் நான் தப்பு செய்யலன்னுதான் இன்னிக்கும் நெனைக்கறேன். என்னை மாதிரி வட்டிக்கு வுடறவங்க மட்டும் இல்லைன்னா இந்தப் பக்கம் பாதி வூடு பேஸ்மட்டத்தோட நின்னிருக்கும். பேங்கு பேப்பரைப் பாக்குது. நான் மனுசங்க மூஞ்சியப் பாத்தேன், பாத்துப் பணம் குடுத்தேன், ஒருத்தரும் என்னை ஏமாத்தல. ஆனா மூஞ்சியப் பாத்து நம்புன நான், பேப்பர் விசயத்துல மட்டும் பேங்கை விட மோசமா நடந்துக்கிட்டேன். அடமானம்னு எழுதினா நாளைக்குக் கோர்ட்டு, கேசுன்னு இழுக்கும். அதனால கிரயமாவே எழுதிருங்க, வித்த மாதிரி. பணம் முடிஞ்சதும் நானே திருப்பி எழுதித் தரேன். இதுதான் நான் சொன்னது. நம்ம பக்கத்துல வட்டிக்கு வுடறவங்க ரொம்பப் பேரு இப்படித்தான் செய்யறாங்க, யாரும் அதைத் தப்புன்னு சொல்றதில்ல. சகாயமேரி எதுவும் கேக்கல. ரிஜிஸ்டர் ஆபீசுல, "விக்கறதுக்கு சம்மதமாம்மா?"ன்னு கேட்டப்ப ஒரு நொடி என் மூஞ்சியப் பாத்தா. நான் தலைய ஆட்டினேன். "சம்மதங்க"ன்னா. வாங்குனவங்க எடத்துல உங்கம்மா கைநாட்டு வச்சா.

திரும்பி வரும்போது பஸ்ஸுல உங்கம்மா என் பக்கம் திரும்பினா. "அவ விக்கலீங்க. வித்த மாதிரி எழுதியிருக்குது. அந்த வித்தியாசம் நமக்கும் அவங்களுக்கும்தான் தெரியும். நாம போயிட்டா?"ன்னு கேட்டா. "நல்ல நாளும் அதுவுமா வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு"ன்னு அதட்டுனேன். உங்கம்மா படிக்காதவ. ஆனா அன்னிக்கு அந்த பஸ்ஸுல இருந்ததுலயே வெவரமானவ அவதான்.

வூடு எழும்பிச்சு. லூர்து ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து சாயங்காலம் வரைக்கும் தன் வூட்டுக்குத் தானே கொத்து வேலை பாப்பான், சித்தாளு வேலை அவ. மாசம் அஞ்சாந்தேதின்னா வட்டி வந்துரும். மீன் வறுத்த மசாலா வாசம் அடிக்கும் அந்த நோட்டுல. உனக்கு இது தெரியாது தம்பி, கோயமுத்தூர்ல நீ படிச்ச நாலு வருசம் உன் ஹாஸ்டலுக்கு நான் கட்டுனது அந்த நோட்டைத்தான். வட்டி போக அசலையும் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டி, ஏழு வருசத்துல முடிச்சா. முடிச்ச அன்னிக்கு ஒரு தூக்கு நெறைய கேசரி கொண்டாந்தா. நாங்க நாலு பேரும் நம்ம வூட்டு ஹால்ல உக்காந்து சாப்பிட்டோம்.

உங்கம்மா அப்பவே சொன்னா, நாளைக்கே போயி திருப்பி எழுதிடலாம்னு. லூர்துதான், "எதுக்குங்கக்கா இப்ப வெட்டியா பத்திரச் செலவு? அந்தக் காசு இருந்தா பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டுருவேன். நீங்க எங்க போயிறப் போறீங்க, நாங்க எங்க போயிறப் போறோம்?"ன்னான். எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். ஏழு வருசம் நயாபைசா பாக்கியில்லாம கட்டி முடிச்சவங்க, முத்திரைத்தாள் காசை மிச்சம் புடிக்கறதுக்காக வூட்டை அடுத்தவன் பேருல வுட்டுட்டு, சந்தோசமா கேசரி சாப்பிட்டுட்டுப் போனாங்க. வேற எந்த ஊர்ல இப்படி நடக்குமோ தெரியல, நம்ம ஊர்ல நடந்துச்சு. உங்கம்மா மட்டும் சிரிக்கல. அந்தப் பத்திரத்தைத் தனியா ஒரு காக்கிக் கவர்ல போட்டு, மேல "சகாயமேரி வூட்டுது"ன்னு கோணல்மாணலா எழுதி வச்சா. கையெழுத்தே போடத் தெரியாம கைநாட்டு வச்சவ, அதுக்குள்ள பக்கத்து வூட்டு டீச்சர்கிட்ட எழுதக் கத்துக்கிட்டிருந்தா. ஈஸ்டருக்கு வந்தப்ப நீ பீரோவைத் தொறந்து அந்தப் பத்திரத்தைத்தான் போட்டோ எடுத்துட்டுப் போயிருக்கற. கவர் மேல எழுதியிருந்ததை நீ பாத்தியா இல்லையான்னு நான் கேக்கப் போறதில்ல. நீயே உன்னைக் கேட்டுக்கோ.

இப்ப நான் சொல்லப் போறது எனக்கே கூச்சமா இருக்குது. பத்திரச் செலவு ஒரு சாக்குத்தான். எனக்கு அந்தக் கவர் என் பீரோவுல இருக்கறது புடிச்சிருந்துச்சு. கூட்டுப் பட்டாவைப் பிரிக்கறதுக்கு தாலுக்கா ஆபீசுக்கு நடையா நடந்தவ சகாயமேரி. செலவு அவளுது, கால்கடுக்க நின்னது அவ. பத்திரம் யாரு பேருல இருக்குதோ அவங்களுக்குத்தான் தனிப் பட்டான்னுட்டாங்க, உங்கம்மா பேருல வந்துச்சு. அதையும் கொண்டாந்து நம்மகிட்டதான் குடுத்தா. அன்னிக்காச்சும் எனக்கு ஒறைச்சிருக்கணும். ஒறைக்கல. அப்பறம் பைபாஸ் வந்துச்சு. சென்டு வெலை எங்கயோ போயிருச்சு. ஒரு புரோக்கர் மாதேஸ் கடையில வச்சு, "அந்த வூடு உங்களுதாமே, குடுக்கறீங்களாண்ணே?"ன்னான். என்னுது இல்லப்பான்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான், "இப்பத்திக்கு இல்ல"ன்னேன். என் வாயில இருந்து தானாத்தான் வந்துச்சு, யாரும் புடுங்கல. அன்னிக்கு ராத்திரி நல்லாவும் தூங்கினேன்.

மூணு வருசத்துக்கு முன்னால உங்கம்மா போயிட்டா. கல்லறைத் தோட்டத்துல சகாயமேரி என்னை விட அதிகமா அழுதா. அப்ப அந்தக் கவர் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. நானும் பேசல. துக்கத்துல அதெல்லாம் எதுக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். முப்பதாம் நாள் முடிஞ்சுது, வருசப் பூசை முடிஞ்சுது, அப்பவும் சொல்லிக்கிட்டேன்.

அப்பறம் உன் கல்யாணப் பேச்சு. கிருஷ்ணகிரியில உங்க மாமனார் வூட்டுல உக்காந்திருந்தோம். அவரு ரொம்ப நாசூக்கா, "பையனுக்குன்னு ஊர்ல ஏதாச்சும் இருக்குதுங்களா?"ன்னு கேட்டாரு. சாதாரணமா எல்லாரும் கேக்கறதுதான். நான் நிமிந்து உக்காந்துக்கிட்டு, "ரெண்டு வூடுங்க. ஒண்ணு நாங்க இருக்கறது, இன்னொண்ணு பைபாஸ் ஓரமா, வாடகைக்கு வுட்டிருக்கேன்"னேன். நீ பக்கத்துல மிச்சர் தட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருந்த. என்னைத் திரும்பிப் பாத்த. வில்லங்கம் போட்டுப் பாத்துதான் அந்த வூடு உனக்குத் தெரிஞ்சுதுன்னு நீ சொன்னாலும், அது நம்மளுதுன்னு மொதமொதல்ல உன் காதுல போட்டவன் நான்தான். அதனால உன்னைத் திட்டறேன்னு மேல எழுதுனேனே, அதை வாபஸ் வாங்கிக்கறேன். சம்பந்தி, இதைப் படிச்சுட்டு இருக்கீங்கன்னா, நான் உங்ககிட்ட சொன்னது பொய்யிங்க. எனக்கு இருக்கறது ஒரு வூடுதான்.

அதோட முடியலையே. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாலயே சகாயமேரி வந்துட்டா. கூலி வாங்கல. "அக்கா இருந்தா செய்யமாட்டாங்களா"ன்னு சொல்லி, வந்த சனத்துக்கெல்லாம் ஆக்கிப் போட்டா. பந்தியில சாம்பார் வாளியோட போறப்ப உங்க மாமனாரு அவளை நிறுத்தி, சாப்பாடு நல்லா இருக்குதும்மா, எந்தப் பக்கம் வூடுன்னு கேட்டாரு. பைபாஸ் கிட்டீங்கன்னா. அவரு ஒடனே என்னைக் காட்டி, "ஓ, சம்பந்தி வூட்டுல குடியிருக்கறது நீங்கதானா?"ன்னாரு. நான் ரெண்டு எலை தள்ளி நின்னுட்டு இருந்தேன். அவ என்னைப் பாத்தா. ரிஜிஸ்டர் ஆபீசுல பாத்தாளே, அதே மாதிரி. என் மானம் அந்த நிமிசம் அவ வாயில இருந்துச்சு தம்பி. "ஆமாங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த எலைக்குச் சாம்பார் ஊத்தப் போயிட்டா.

நான் வாயத் தொறக்கல. பந்தி முடிஞ்சும் தொறக்கல. அதுக்கப்பறம் ஒரு வருசம் ஆயிருச்சு, போன கிறிஸ்மஸ்ஸுக்கும் கேக்கு கொண்டாந்து குடுத்தா, வாங்கி வச்சுக்கிட்டேன். ஒரு பொம்பள தன் வூட்டை விட்டுக் குடுத்து என் மானத்தைக் காப்பாத்தியிருக்கா, நான் கேக்கு சாப்பிட்டுட்டு இருந்திருக்கேன். இப்ப புரியுதா, செவ்வாக்கிழமை அவ ஏன் சத்தம் போடலன்னு? பொறுத்துக்கறதுக்கு நான் அவளைப் பழக்கிட்டேன்.

நீ ஒரு பைனான்ஸ் கம்பெனிகிட்ட போறதை நான் தடுக்கல. பேங்கு விட்ட கொறைய அடைக்கறதுக்கு அவங்க இருக்காங்க, நானும் அந்த வேலையச் செஞ்சவன்தானே. ஆனா அந்தப் பக்கம் உக்காந்திருந்தவன் சொல்றேன், கேட்டுக்கோ. வட்டி எவ்வளவுன்னு எல்லாரும் கேப்பாங்க. நீ அதுக்கு முன்னால, கட்டி முடிச்சதும் என் பத்திரம் என்னிக்கு, எந்த எடத்துல, யாரு கையால திரும்பி வரும்னு கேளு. அதை எழுதி வாங்கு. எதுக்குங்க சார் அதெல்லாம், நம்மளுக்குள்ளன்னு ஒருத்தன் சிரிச்சான்னா, எந்திரிச்சு வந்துரு. அவன் கெட்டவனா இருக்கணும்னு அவசியமில்ல. நான் கெட்டவன்னு ஊர்ல யாரும் சொல்லமாட்டாங்க. ஆனா அடுத்தவங்க பத்திரம் பீரோவுல ரொம்ப நாள் இருந்தா, அது அடுத்தவங்களுதுன்னு மறந்து போகுது. எனக்கு மறந்து போச்சு. உனக்கு மறக்கக் கூட ஒண்ணுமில்ல, நான் உனக்குச் சொல்லவே இல்லையே.

செவ்வாக்கிழமை சாயங்காலமே வக்கீலைப் பாத்தேன். நான் மட்டும் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் குடுத்துறலாம்னுதான் போனேன். அவரு சிரிக்கறாரு. நம்ம கிறிஸ்துவங்களுக்கு இருக்கற சட்டப்படி பொண்டாட்டி சொத்துல மூணுல ஒரு பங்குதான் எனக்காம், மிச்ச ரெண்டும் ஒரே புள்ளை உனக்காம். அவளுக்கு நான் எழுதித் தரணும்னா சமையல்கட்டையும் நடையையும்தான் எழுதித் தர முடியும், ரூமும் ஹாலும் உன்னுது. ஆக, நீ சட்டப்படின்னு சொன்னது சரிதான். சட்டப்படி நீ என்னை விடப் பெரிய மொதலாளி. நீ வரமாட்டேன்னு சொன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அவ கோர்ட்டுக்குப் போனா நான் அவ பக்கம் சாட்சி சொல்லுவேன், அது வேற விசயம். ஆனா உன்னை எதுத்துக் கூண்டுல நிக்கற நெலமைய எனக்கு வச்சுறாத சாமி.

அடுத்த வியாழக்கிழமை பதினொண்ணரை மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீசுல டோக்கன் போட்டிருக்கேன். ஆதார் கார்டை மறந்துறாத. ரேகை வைக்கணும், நீயே நேர்ல வரணும். லீவு போடு, உங்க கம்பெனி ஒரு நாள்ல மூழ்கிறாது. பத்திரச் செலவு முழுக்க என்னுது. அன்னிக்கே செஞ்சிருந்தா ஒரு பாத்ரூம் டைல்ஸ் காசோட முடிஞ்சிருக்கும். இப்ப பைபாஸ் வந்த பெறகு ஒரு பாத்ரூமே கட்டலாம்ங்கற அளவுக்கு வந்து நிக்குது. அதுவும் எனக்கு வேணும்தான்.

உன் ப்ளாட்டுக்கு வழி இல்லாம நான் பேசல. இந்த வூட்டுப் பத்திரம் இருக்குது, நான் இருக்கற வூடு. வில்லங்கம் ஒண்ணும் கெடையாது, பேங்கே எடுத்துக்கும். அதை ஈடு வச்சுப் பணம் வாங்கிக்கோ, நீ காட்டற எடத்துல எல்லாம் கையெழுத்துப் போடறேன், ஸ்டிக்கர் கூட வேண்டாம். தவணைய மட்டும் ஒழுங்காக் கட்டு, வயசான காலத்துல என்னை மூட்டையக் கட்ட வச்சுறாத. அதுவும் பத்தலைன்னா ப்ளாட்டுல ஒரு ரூம் கம்மியாப் பாரு. பிரின்சிகிட்ட இந்தக் கடுதாசியக் காட்டு. அந்தப் புள்ள அன்னிக்குப் பந்தியில சகாயமேரி கையப் புடிச்சுக்கிட்டு, "இந்தச் சாம்பாரை எனக்குச் சொல்லிக் குடுங்கக்கா"ன்னு கேட்டுச்சு. அதுக்கு இது புரியும்.

நேத்து நாலரை மணிக்கு நான் பைபாஸ் பக்கம் போனேன், சாவியக் குடுத்துட்டு வந்துறலாம்னு. தொப்பூர்ல இருந்து பஸ்ஸு எறங்கி வந்து, தன் வூட்டு வாசப்படியில பாத்திரக் கூடைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. கதவு பூட்டிக் கெடக்குது. சாவிய நீட்டினேன். "பத்திரம் வரட்டுங்கண்ணே"ன்னா. அதுவரைக்கும் எப்படி உள்ள போவன்னு கேட்டேன். லூர்துகிட்ட ஒரு சாவி இருக்குதாம், அவன் வேலை முடிஞ்சு வந்து தொறப்பானாம். செவ்வாக்கிழமையில இருந்து இப்படித்தானாம். நான் கெஞ்சினேன், அதட்டினேன், ஒண்ணும் நடக்கல. சரின்னு நானும் பக்கத்துல உக்காந்துட்டேன். எழுந்து போய் பக்கத்து வூட்டுல தண்ணி வாங்கியாந்து எனக்குக் குடுத்தா. அவ வூட்டுத் தண்ணி உள்ள இருக்குது. ஏழு மணிக்குத்தான் லூர்து வந்தான்.

சாவி இப்ப என் சட்டைப் பையில இருக்குது. வியாழக்கிழமை ரேகை வச்சு முடிச்சதும் உன்கிட்ட தரேன், நீ அவ கையில குடு. என் கையால குடுத்தா வாங்கமாட்டேங்கறா.

அப்பா